இடப்பக்கப் பாக்கெட்

ஜனவரி 12

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் குழந்தைகள் இல்லத்தில் நீண்ட காலம் அர்ப்பணிப்போடு பணியாற்றியவர்களுக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று ஆட்சிக் குழு தீர்மானித்துள்ளது. இல்லத்தாயாகப் பணியாற்றிய தங்களையும், சமையலரையும், சலவைப் பிரிவுப் பெரியவரையும் மேடையில் அமர்த்திக் கேடயம் வழங்கிக் கௌரவிக்க விரும்புகிறோம். விழா மார்ச் முதல் வாரத்தில் நடைபெறும். தங்கள் வருகையை உறுதி செய்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், பணியிலிருந்து விலகுபவர்கள் சாவிகளையும் சீருடைக் கோட்டையும் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. சாவிகள் மேசைமேல் இருந்தன. கோட்டு இன்னும் வந்து சேரவில்லை. அஞ்சலில் அனுப்பினால் போதுமானது.

இப்படிக்கு,
மேலாளர்

பெரியம்மா, மேலே இருக்கிறது ஆபீஸ்ல டைப் பண்ணினது. பேனாவால எழுதுற இந்த வரி மட்டும் என்னோடது. வந்துடுங்க. – வாலு


ஜனவரி 20

மேலாளர் ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’னு பார்த்ததும் வேற யாருக்கோ வந்ததுன்னு என் தம்பி பொண்டாட்டி தபால்காரர்கிட்டயே திருப்பிக் கொடுக்கப் பார்த்தா. கொண்டா இங்க, அது என்னைத்தான் திட்டியிருக்காங்கன்னு நான் வாங்கிக்கிட்டேன்.

நவம்பர்ல மெமோ, ஜனவரியில பாராட்டு. அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்வாங்க, சரி. அடிச்ச வீக்கம் வடியறதுக்குள்ளயே அணைக்க வந்தா வலிக்காதா? காய்ச்சல்ல கிடந்த பிள்ளைகூட ஆஸ்பத்திரியில என் முறை முடிஞ்ச பிறகும் உட்கார்ந்திருந்தேன். என்னை மாத்திவிட வந்தவளைத் திருப்பி அனுப்பினேன். ஒரே பிள்ளையோட ஒட்டிக்கிட்டேன். இதுதானே நீங்க என் மேல எழுதின குற்றம்? இப்ப அதே ஆளுக்குக் கேடயமாம். எங்க வைக்கிறது அதை? தம்பி வீட்டு அலமாரியில உப்பு டப்பா வைக்கவே இடமில்லை.

நான் வரலை. சமையல் மாஸ்டரையும் சலவைக்காரப் பெரியவரையும் உட்கார வச்சு நல்லா செய்யுங்க. அவங்க ரெண்டு பேரும் வாயில்லாப் பூச்சிங்க. எது கொடுத்தாலும் வாங்கிக்குவாங்க.

கோட்டைத் துவைச்சு, இஸ்திரி போட்டு இத்தோட அனுப்பியிருக்கேன். பாக்கெட்டுல கிடந்த ஹேர்பின், பட்டன், பிஸ்கட் தூள் எல்லாத்தையும் உதறிட்டேன். இடப்பக்கப் பாக்கெட் அடியில ஓட்டை இருக்கு. எந்தெந்தப் பிள்ளை விரல் போட்ட ஓட்டைன்னு எனக்கே தெரியாது. நான் தைக்கலை. புதுசா போட்டுக்கப் போறவங்க தைச்சுக்கட்டும்.

இங்க நான் சௌக்கியம். முதல் நாள் விடியக்காலையில எழுந்து பழக்கத்துல கையைத் தட்டி, எழுந்திருங்க, பல் விளக்குங்கன்னு சத்தம் போட்டுட்டேன். தம்பி அடிச்சுப் புரண்டு எழுந்து வந்து பல்லும் விளக்கிட்டான், பாவம். எனக்குன்னு தனி அறை கொடுத்திருக்காங்க. கதவைச் சாத்திக்கச் சொல்றாங்க. இந்த வயசு வரைக்கும் நான் கதவைச் சாத்திப் படுத்ததில்லை. சாத்தினா மூச்சு முட்டுது.

போன் பண்ணாதீங்க. எடுக்க மாட்டேன். நீங்க அரை ட்ராயர் போட்ட காலத்துல இருந்து உங்க குரல் எனக்குத் தெரியும், அந்தக் குரல்ல ‘அம்மையீர்’னு கேட்க என்னால முடியாது.

காய்ச்சல்ல கிடந்த அந்தப் பிள்ளை, பிசின், சாப்பிடுறாளா? சொல்லக்கூடாதுன்னு விதி இருந்தா சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் இல்லத்தாய்


ஜனவரி 29

பெரியம்மா,

நீங்க ‘ஐயா’ன்னு எழுதினதை மூணு தடவை படிச்சேன். ஒவ்வொரு தடவையும் காது திருகின மாதிரி இருந்துச்சு. திருகணும்னுதானே எழுதினீங்க.

நான் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க. இந்த விதியை நான் போடலை. வேற ஏதோ ஒரு இல்லத்துல நடக்கக்கூடாதது நடந்து, அதுக்கப்புறம் எல்லா இடத்துக்கும் வந்த விதி. ஒரு பிள்ளை ஒரே ஆளோட ஒட்டக்கூடாது, ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஆளை மாத்தணும், அப்பத்தான் அந்த ஆள் போனாலும் பிள்ளை உடையாதுன்னு சொல்றாங்க. அதுல நியாயமே இல்லைன்னு என்னால சொல்ல முடியலை. நீங்க ஒருதரம் லீவுல போனப்ப நான் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன், ஞாபகம் இருக்கா? மாஸ்டர் துடைப்பத்தால தள்ளித்தான் என்னை வெளிய எடுத்தார். அப்படி உடைஞ்ச பையன்தான் இன்னைக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கான்.

அந்த மெமோவுல நான் கையெழுத்துப் போடலைன்னா ஆட்சிக் குழுத் தலைவர் உங்களை நேரா வேலையை விட்டே எடுத்திருப்பார். மெமோவோட போகட்டும்னு நினைச்சேன். நீங்களே பெட்டியைத் தூக்கிட்டுப் போவீங்கன்னு நான் நினைக்கலை.

இதை எழுத வேண்டாம்னு பார்த்தேன். ஆனா எழுதலைன்னா என் வயித்துலயே கிடக்கும். வராந்தாவுல உங்ககிட்ட மெமோவை நீட்டினது நான்தான். அப்ப பிசினோட கை உங்க கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு. அந்தக் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டது நான் இல்லை. நீங்க. பிள்ளையா கையை எடுக்கிற வரைக்கும் நீங்க எடுக்க மாட்டீங்க. எங்க எல்லாருக்கும் அதுதானே உங்க சட்டம்? எங்கள்ல ஒருத்தருக்குக்கூட நீங்க அப்படிச் செஞ்சதில்லை. உங்களுக்கு என் மேல கோபம். இழுபட்டது அவ கை.

அவ அழலை. நீங்க திரும்பிப் பார்க்காம போனதால உங்களுக்குத் தெரியாது. கையை அந்தரத்துல அப்படியே வச்சுக்கிட்டு நின்னா.

நீங்க கேட்டதுக்குப் பதில்: கொடுத்தா சாப்பிடுறா. கேட்டு வாங்குறதில்லை.

– வாலு


பிப்ரவரி 6

வாலு,

உன் கடிதத்தைக் கிழிச்சுக் குப்பைக்கூடையில போட்டேன். அப்புறம் காய்கறித் தோலுக்கு நடுவுல இருந்து ஒவ்வொரு துண்டா பொறுக்கி, மேசையில பரப்பி மறுபடி படிச்சேன். தம்பி பொண்டாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே. அடுத்த தடவை கிழிக்கிற மாதிரி எழுதாதே.

நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ரொட்டிக்கு மாவு பிசைஞ்சாலும், துணி பிழிஞ்சாலும், இந்தக் கையில அந்தச் சின்ன மணிக்கட்டு இருக்கு. போகவே மாட்டேங்குது.

உன்னை இல்லத்துக்குக் கொண்டுவந்த அன்னைக்கு நல்ல மழை. தூக்க வந்த எல்லாரையும் கடிச்ச. மாஸ்டரைக் கடிச்ச, டாக்டரைக் கடிச்ச, என்னையும் கடிச்ச. சரி ராசா, நான் உன் கையைப் பிடிக்கலை, நீ என் கையையும் பிடிக்க வேண்டாம், வேணும்னா இந்தப் பாக்கெட்டைப் பிடிச்சுக்கன்னு சொன்னேன். ரொம்ப நேரம் முறைச்சுட்டு அப்புறம் கையை உள்ள விட்ட. அதுல ஆரம்பிச்சதுதான் இந்தப் பழக்கம். உனக்கு முன்னாடி யாரும் இல்லை. நான் கையைப் பிடிச்சா அது நான் பிடிச்சதா ஆகும். பாக்கெட்டுல விட்டா பிள்ளையா பிடிச்சது, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். புதுசா வர்ற பிள்ளைக்கு அந்த ஒரு தைரியம் வேணும்.

நீ எடுக்கவே இல்லை. நான் குளிக்கப் போறப்ப கோட்டைக் கழட்டி வெளிக் கொக்கியில மாட்டிட்டுப் போவேன். நீ அந்த ஆளில்லாத கோட்டோட பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டு, நான் வர்ற வரைக்கும் காவல்காரன் மாதிரி நிப்ப. அந்தக் கைதான் மெமோவுல கையெழுத்துப் போட்டுச்சுன்னதும் எனக்குக் கண்ணு தெரியலை. யார் கையை இழுக்கிறேன்னே தெரியலை. போதுமா?

விழாவை விடு. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அவளை ஒருதரம் பார்க்கணும். வராந்தாவுலயோ, துணி காயப்போடுற இடத்துலயோ, எங்க வேணும்னாலும். கோபத்துல போனேன்டி, உன் மேல இல்லைன்னு அவகிட்டச் சொல்லணும். சொன்னதும் போயிடுறேன். உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. கேக்குறேன்.

– பெரியம்மா


பிப்ரவரி 15

பெரியம்மா,

தலைவர்கிட்டக் கேட்டேன். ஒருதரம் இல்லை, ரெண்டுதரம் போய் நின்னேன். வேலையை விட்டுப் போனவங்க தனியா வந்து பிள்ளையைப் பார்த்துட்டுப் போனா பிள்ளை மனசு குழம்பும், அனுமதி கிடையாதுன்னுட்டார். நான் மேலாளர்னு பேரு. வாசல் சாவி என்கிட்ட இருக்கு, ஆனா உங்களுக்குத் திறக்க முடியலை. எனக்கு வெட்கமா இருக்கு.

ஒரு வழிதான் இருக்கு. விழாவுக்கு வாங்க. மேடையில உட்கார்றவங்களுக்குப் பிள்ளைங்க வரிசையா வந்து பூங்கொத்து கொடுக்கப் போறாங்க. உங்களுக்குக் கொடுக்கிற வரிசையில பிசினைச் சேர்க்கிறது என் கையில இருக்கு. சேர்த்துடுறேன்.

மாஸ்டர் நீங்க வர்றீங்களான்னு தினமும் கேட்கிறார். நீங்க வரலைன்னா தானும் மேடை ஏற மாட்டேன், சமையல்கட்டுலயே இருந்துக்கிறேன்னு அடம். சலவைக்காரப் பெரியவர் மட்டும் ரெடி. மேடையில என்ன நாற்காலி போடுவீங்க, கை வச்ச நாற்காலியான்னு கேட்டார்.

கோட்டு வந்துடுச்சு. புதுசா வந்திருக்கிற அம்மாவுக்கு அது பத்தலை, அவங்க கொஞ்சம் பூசின உடம்பு. என் அறைக் கதவுக்குப் பின்னாடி மாட்டி வச்சிருக்கேன்.

– வாலு


பிப்ரவரி 22

வாலு,

வர்றேன்.

மாஸ்டர்கிட்டச் சொல்லு, நான் வர்றேன், அந்த ஆளும் குளிச்சுட்டு மேடைக்கு வரணும். பெரியவருக்குக் கை வச்ச நாற்காலியே போடு. இத்தனை வருஷம் நம்ம எல்லாரோட மூத்திரத் துணியையும் குனிஞ்சு நின்னு துவைச்ச மனுஷன், ஒருநாள் சாய்ஞ்சு உட்காரட்டும்.

என்னைப் பேசச் சொல்லக்கூடாது. என்னைப் பத்திப் பேசுறவங்களையும் சீக்கிரம் முடிக்கச் சொல்லு.

நான் வர்றேன்னதும் தம்பி பொண்டாட்டிக்குத் தலைகால் புரியலை. கடைக்கு இழுத்துட்டுப் போய், கரும்பச்சையில ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருக்கா. வழவழன்னு இருக்கு, இடுப்புல நிக்க மாட்டேங்குது. அந்தச் சாம்பல் கோட்டுக்குள்ளயே இத்தனை காலம் இருந்துட்டு, இதைக் கட்டிக் கண்ணாடியில பார்த்தா யாரோ சம்பந்தி வீட்டு அம்மா மாதிரி இருக்கேன். தம்பி, ‘யாருங்க நீங்க’ன்னு கேட்டுட்டு அடி வாங்கினான்.

அவ என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்குவாளோன்னு இருக்கு. திருப்பினா திருப்பட்டும், பரவாயில்லை. திட்டினாலும் சரி. நான் அதுக்குத்தான் வர்றேன்.

– பெரியம்மா


மார்ச் 10

வாலு,

பஸ்ஸை விட்டு இறங்கினதுல இருந்து எழுதணும்னு உட்கார்றேன், எழுந்திருக்கிறேன். சொல்லாம வந்துட்டேன்னு கோவிச்சுக்காதே. அங்க நின்னிருந்தா எல்லாரும் பார்க்க அழுதிருப்பேன்.

விழா நல்லா இருந்துச்சு. குறை சொல்லலை. மாஸ்டர் மைக்கைப் பிடிச்சு ‘பிள்ளைங்களே’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அழுதது போதும், அதைவிட நல்ல பேச்சு யாரும் பேசலை. பெரியவர் கை வச்ச நாற்காலியில தூங்கிட்டார். எழுப்பாம விட்டீங்களே, அதுவே அவருக்குப் பாராட்டு.

உங்க தலைவர் என்னைப் பத்திப் படிச்சாரே, யார் எழுதிக் கொடுத்தது? ‘நோயுற்ற குழந்தைகளை விட்டு அகலாமல், நேரம் காலம் பாராமல் தாயாய் அமர்ந்திருந்தவர்’னு. மெமோவுலயும் அதையேதான் எழுதியிருந்தீங்க, கடைசி வரி மட்டும் வேற. சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிச்சதை ஜனங்க சந்தோஷம்னு நினைச்சுக் கை தட்டினாங்க.

அப்புறம் அவ வந்தா. முடியை வெட்டிவிட்டிருக்கீங்க. ஷூ புதுசு. வளர்ந்திருக்கா. பூங்கொத்தை நீட்டி, ‘தங்கள் சேவைக்கு எங்கள் நன்றி’ன்னு ஒரு எழுத்து பிசகாம சொன்னா. நான் எழுந்து குனிஞ்சு, பிசினு, பெரியம்மா வந்திருக்கேன்டின்னேன். என் முகத்தைப் பார்த்தா. அதுல கோபம் இல்லை. கோபமா இருந்திருந்தா நான் பிழைச்சிருப்பேன்.

என் இடப்பக்கமா வந்து நின்னா. வழக்கமா நிக்கிற இடம். நின்னு, கையால என் இடுப்புப் பக்கம் சேலையைத் தடவினா. மேலயிருந்து கீழ வரைக்கும் ஒருதரம். கீழயிருந்து மேல ஒருதரம். அந்த வழவழச் சேலையில கை எங்கயும் நிக்கலை. எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு, அவ எதைத் தேடுறான்னு. கோட்டை இஸ்திரி போட்டு ரோஷத்தோட உனக்கு அனுப்பினவ நான்தானே.

அந்தக் கையை நான் பிடிச்சிருக்கலாம். பிடிச்சா நான் பிடிச்சதா ஆகுமேன்னு நின்னேன். போன தடவை நான் பிடிச்சப்ப எதுக்குப் பிடிச்சேன்னு அவளுக்குத் தெரியும். அதுக்குள்ள, அடுத்த பிள்ளைக்கு வழி விடும்மான்னு யாரோ சொன்னாங்க. உடனே விட்டுட்டா. வரிசையில போய் உட்கார்ந்து ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டா.

சொல்ல வந்த வார்த்தையைச் சொல்லாமலே நான் பஸ் ஏறினேன்.

நல்லா வளர்க்கிறீங்க வாலு. குத்திக் காட்டுறதுக்குச் சொல்லலை. உடையாத பிள்ளை வேணும்னீங்க, உடையலை. அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சொல்வாங்க. அழாத பிள்ளைக்கு என்ன கொடுக்கணும்னு எனக்குத் தெரியலை. உங்க விதிப் புத்தகத்துல இருந்தா பாரு.

கேடயத்தைத் தம்பி டிவி மேல வச்சிருக்கான்.

– பெரியம்மா


மார்ச் 19

பெரியம்மா,

நான் மேடைக்குப் பக்கத்துலதான் நின்னேன். அவ கை தேடினதை நானும் பார்த்தேன். என்ன தேடுறான்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுச்சு. வேற யாருக்குத் தெரியும்? கோட்டு கூப்பிடு தூரத்துல, என் அறைக் கதவுக்குப் பின்னாடி தொங்கிட்டிருந்துச்சு. ஓடிப் போய் எடுத்துட்டு வந்திருக்கலாம். தலைவர் பார்த்துட்டிருந்தார், நான் நின்ன இடத்துலயே நின்னேன். அதுக்கப்புறம் அந்தக் கதவைத் திறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் கோட்டு ஆடுது.

நேத்து ஆபீஸைச் சாத்திக்கிட்டு அந்த ஓட்டையைத் தைச்சேன். நீங்க சொல்லிக் கொடுத்த தையல்தான். ஆம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு ஊசின்னு நான் கேட்டதுக்கு, உன் ட்ராயர் கிழிஞ்சா ஊரே சிரிக்கும், அதுக்குன்னு சொன்னீங்களே. கோணலா வந்திருக்கு. ஆனா தாங்கும்.

இன்னொரு விஷயம். எப்படி எழுதுறதுன்னு தெரியலை, நேராவே எழுதுறேன். பிசினோட அம்மாவுக்கு ஒரு அக்கா இருக்காங்க. இத்தனை நாள் தேடி இப்பதான் கிடைச்சாங்க. பஸ் டிப்போவுல டிக்கெட் கொடுக்கிற வேலை. தங்கச்சி பொண்ணு இருக்கிறதே தனக்குத் தெரியாதுன்னு அழுதாங்க. நல்லவங்களாத்தான் தெரியுறாங்க, ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனாங்க. பிசின் அவங்ககிட்டப் போகவும் இல்லை, போக மாட்டேன்னும் சொல்லலை. காகிதமெல்லாம் முடிஞ்சாச்சு. ஏப்ரல் முதல் வாரத்துல கூட்டிட்டுப் போறாங்க. உறவு முறையில பார்த்தா அவங்கதான் அவளுக்குப் பெரியம்மா.

உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னுதான் விதி. சொல்லிட்டேன்.

– வாலு


மார்ச் 27

வாலு,

படிச்சேன். நல்ல செய்திதான். சொந்த ரத்தம் தேடி வர்றதைவிட ஒரு பிள்ளைக்கு வேற என்ன வேணும்? நிஜப் பெரியம்மா வந்தாச்சு. அந்தப் பேரை நான் இத்தனை காலமா இரவல்லதான் வச்சிருந்தேன். உரியவங்க வந்து கேட்டா கொடுக்கணும்.

இப்படியெல்லாம் எழுதிட்டு, எழுந்து போய் கொல்லைப்பக்கம் நின்னு அழுதுட்டு வந்தேன். பெத்த மனம் பித்துன்னு சொல்வாங்க. பெறாத மனசுக்கு என்ன பேருன்னு யாரும் சொல்லி வைக்கலை.

அந்த அம்மாகிட்டச் சொல்லு. பிசின் தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு படக்கூடாது, தனித்தனியா வைக்கணும், இல்லைன்னா தொட மாட்டா. இடி இடிச்சா சொல்லாம கொள்ளாம மேசைக்கு அடியில போயிடுவா. இழுக்க வேண்டாம், நாமளும் கொஞ்ச நேரம் அங்க உட்கார்ந்தா வந்துடுவா. கோபம் வந்தா பேச மாட்டா. பேசலைன்னா திமிர்னு நினைச்சுடப் போறாங்க.

எந்தத் தேதின்னு எழுது. உள்ள வர மாட்டேன். உன் விதியை நான் உடைக்கலை. எதிர்த்த மருந்துக் கடை வாசல்ல நிக்கிறேன். யார் வேணும்னாலும் நிக்கிற இடம்தானே அது? அவ அந்தப் பக்கம் நடந்து போறப்ப ஒருதரம் பார்த்துக்கிறேன். அவ என் பக்கம் திரும்பினா, அப்ப பார்த்துக்கலாம்.

பச்சைச் சேலையில ஒரு பாக்கெட் தைச்சிருக்கேன். இடுப்புக்கு இடப்பக்கம். சேலையில யாராவது பாக்கெட் வைப்பாங்களான்னு தம்பி பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறா. எதுக்குன்னு சொன்னதும் சிரிப்பை நிறுத்திட்டு, அக்கா, துணி மெலிசு, உள்ள இன்னொரு துணி வச்சுத் தைங்க, கிழியாம இருக்கும்னா.

தேதியை உடனே எழுது.

– பெரியம்மா


ஏப்ரல் 4

பெரியம்மா,

உங்க கடிதம் இன்னைக்குத்தான் என் கையில கிடைச்சுது. பிசின் நேத்தே போயிட்டா.

அந்த அம்மாவுக்கு லீவு மாறிடுச்சாம். சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்து நின்னுட்டாங்க. அவங்க தலையைப் பார்த்ததும் நான் உங்க தம்பி வீட்டுக்குப் போன் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கலை. எடுத்திருந்தாலும் நீங்க வந்து சேர்ந்திருக்க முடியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்றேன்.

நடந்ததை நடந்தபடி சொல்றேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வராந்தாவுல நின்னா. அந்த அம்மா, வா கண்ணு போகலாம்னு கையை நீட்டினாங்க. பிசின் நீட்டின கையைப் பார்த்தா, பிடிக்கலை. மறுபடி நீட்டினாங்க. இவ ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டா. புது இல்லத்தாய், போம்மா, நல்ல பிள்ளையில்லன்னு தோளைத் தொட்டாங்க. அவ தரையில வேர் விட்ட மாதிரி நின்னா. அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப் போச்சு. அப்ப தலைவரும் பக்கத்துலதான் இருந்தார்.

நான் இந்தத் தடவை நிக்கலை. உள்ள ஓடினேன். கதவுக்குப் பின்னாடி இருந்த கோட்டை எடுத்தேன். காலிப் பாக்கெட்டாக் கொடுக்க மனசு வரலை, என் கைக்குட்டையை இடப்பக்கம் மடிச்சு வச்சேன். அந்த அம்மாகிட்ட நீட்டி, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இதைப் போட்டுக்கங்க, கையைப் பிடிக்காதீங்க, சும்மா பக்கத்துல நில்லுங்கன்னேன். நல்ல வெயில். என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. ஆனா எதுவும் கேட்காம சேலைக்கு மேல மாட்டிக்கிட்டாங்க. அவங்களுக்கு அது சரியா இருந்துச்சு பெரியம்மா. உங்க உடம்பு அளவுதான்.

பிசின் கோட்டைப் பார்த்தா. கிட்டப் போய் முகர்ந்து பார்த்தா. துவைச்சுட்டீங்க, என்ன வாசனை இருந்திருக்கும்னு தெரியலை. அப்புறம் இடப்பக்கமா போய் நின்னு கையை உள்ள விட்டா.

அந்த அம்மா என்னைப் பார்த்தாங்க. நடங்க, நீங்க நடந்தா அவ வருவான்னேன். நடந்தாங்க. அவளும் கூடவே போனா. வாசல் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டிப் போற வரைக்கும் பார்த்தேன். திரும்பிப் பார்க்கலை. நீங்க சொன்ன தட்டு, இடி எதையும் அவங்ககிட்டச் சொல்ல முடியலை. இன்னைக்கு அவங்களுக்குக் கடிதம் எழுதிப் போட்டுட்டேன்.

அந்தக் கோட்டு இல்லத்துச் சொத்து, யாரைக் கேட்டுக் கொடுத்தேன்னு தலைவர் கேட்டார். எழுத்துல விளக்கம் கொடுக்கச் சொல்லியிருக்கார். இப்ப என் மேசையிலயும் ஒரு மெமோ இருக்கு.

மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். கொக்கி காலியா இருக்கு.

– வாலு


ஏப்ரல் 12

டேய் வாலு,

போன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். நீதான்னு தெரியும். உன் குரலைக் கேட்டா அழுதுடுவேன்னு எடுக்கலை. அதை விடு. அது என்னோட இருக்கட்டும்.

விளக்கம் எழுதுறப்ப, கோட்டை விழா அன்னைக்கே முன்னாள் இல்லத்தாய் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு எழுதிடு. தலைவர் கண்ணால பார்த்திருந்தா என்ன, பார்த்தவர் மறந்துட்டார்னு வச்சுக்கட்டும். அவருக்கும் ஒரு வழி வேணும்ல. கேடயம் கொடுத்த கையால திருடிங்கிற பட்டமும் கொடுக்கட்டும், வாங்கிக்கிறேன். எனக்கு இனிமே யார் என்ன செய்ய முடியும்? நீ அந்த நாற்காலியில இருக்கணும். அடுத்து ஒரு பிள்ளை கடிச்சுக்கிட்டு வந்து நிக்கும். அப்ப என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஆள் அங்க நீ ஒருத்தன்தான் மிச்சம்.

கைக்குட்டை வச்சதாச் சொன்னே. நல்ல காரியம் செஞ்ச. உள்ள எதுவுமே இல்லைன்னா பிள்ளைங்க விரலால நோண்டி நோண்டி மறுபடி ஓட்டை போட்டுடும்.

அவ நல்லா இருப்பா. கேள்வி கேட்காம வெயில்ல கோட்டு மாட்டிக்கிட்டவ நல்ல மனுஷியாத்தான் இருப்பா. தினமும் ஒருதரம் இப்படிச் சொல்லிக்கிறேன். நம்பிடுவேன்னு நினைக்கிறேன்.

தம்பி பொண்டாட்டி பச்சைச் சேலையில இருக்கிற பாக்கெட்டைப் பிரிச்சுடலாமா அக்கான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன். சாயங்காலம் அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டுக் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வர்றேன். பாக்கெட்டுல என் கையையே விட்டுக்கிட்டு நடக்கிறேன்.

– பெரியம்மா